பெருக்கிய மரத்தடியும் பறக்கும் அணிலும்

ஏரிக்கரையில் நிற்கும் ஆஸ்பென் மரத்தை வெட்டி, அவ்விடத்தில் புதிய சௌனா என்னும் நீராவிக் குளியலறை கட்டியே தீருவதெனச் சபதம் செய்தேன். என் மனைவி ஹில்க்கா எதிர்க்கவில்லை. மரத்தடியில் அமர்ந்து, பொந்திலிருந்து எட்டிப் பார்த்த பறக்கும் அணிலை வரையத் தொடங்கினாள். அந்த அணில் குடியிருக்கும் மரத்தைத் தொட எங்கள் பின்லாந்துச் சட்டம் விடாது.

படம் முடிந்தது. மீசை மயிர்கள் தனித்தனியே நின்றன. கரிய பெருவிழிகள் நான் எங்கு நகர்ந்தாலும் என்னையே சந்தேகித்தன.

மரத்தை வெட்டலாமா என்று சோதிக்க வன ஆய்வாளர் சைமி வரவேண்டிய நாள். விடிந்ததும் மரத்தடிக்குச் சென்று, மஞ்சள் அரிசிபோல் கிடந்த அணில் புழுக்கைகளை ஒரு சருகுகூட மிஞ்சாமல் பெருக்கினேன். படத்தை எங்கள் பழைய சௌனாவின் முன்னறையில், குளிக்கும்போது உடம்பில் அடித்துக்கொள்ளும் பிர்ச் இலைக்கட்டுகளுக்குப் பின்னால் ஒளித்தேன்.

சைமி வந்தார், குனிந்து பார்த்தார். "ஒண்ணும் காணோமே" என்றார். எனக்கு மூச்சு திரும்பியது. காப்பி முடிந்ததும் ஹில்க்கா எழுந்தாள்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு சௌனாவுல குளிக்காம போறதா? அடுப்பு மூட்டியாச்சு, வாங்க."

"அடுப்பு புகையுதே!" என்று அலறினேன்.

"நேத்து சாயங்காலம் பூரா உள்ளயே கிடந்தீங்களே, அப்பப் புகையலையா?"

"அது... இன்னிக்குத்தான்..."

"எங்க அம்மா வந்தப்பவும் இப்படித்தான் புகைஞ்சுது. ஆளைப் பார்த்துப் புகையுற அடுப்புங்க அது!"

விருந்தினருக்குச் சௌனாவை மறுத்தவன் இந்த ஊரில் தலைகாட்ட முடியாது. இரு பெண்களும் உள்ளே சென்றனர். வெளியே நின்று நகம் கடித்தேன். சிரிப்பொலி கேட்டது. பிறகு இலைக்கட்டுகள் சரியும் ஓசை. அது சிரிப்பைவிடக் கொடியது.

முகம் சிவக்க வெளியே வந்த சைமியின் கையில் படம்! நேரே மரத்தடிக்கு நடந்தார்.

"அதே பொந்து, பட்டையில அதே தழும்பு. படத்துல வேரைச் சுத்திச் சருகும் புழுக்கையுமா கிடக்கு. இங்க வெறும் துடைப்பத் தடம்! காட்டைப் பெருக்குற ஆளை இன்னிக்குத்தான் பார்க்கிறேன், அண்ணே."

அவர் அடிமரத்தைத் தட்டினார். மேலே, படத்திலிருந்த அதே இரு விழிகள் எட்டிப் பார்த்தன.

"படத்தை நீங்க ஒளிச்சதைக் காலையிலயே பார்த்துட்டேன்" என்றாள் ஹில்க்கா. "அதனாலதான் அடுப்பையே மூட்டினேன். ஆனா, இவ்வளவு சுத்தமாப் பெருக்குவீங்கன்னு இத்தனை வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சே!"

மரம் நிற்கிறது. படம் கூடத்தில் தொங்குகிறது. மூலை முடுக்கெல்லாம் நான் ஒழுங்காகப் பெருக்குகிறேனா என்று அந்த இரு விழிகள் மேற்பார்வையிடுகின்றன.