உத்தமன் வளைத்த பிரியாணி வரிசை

போகிற இடத்துக்கெல்லாம் தன் தொழிலையும் கூடவே கூட்டிக்கொண்டு போகும் ஓர் இனம் உண்டு. பல் டாக்டராக இருந்தால் உங்கள் சிரிப்பை ரசிக்க மாட்டார், சொத்தையைத் தேடுவார். இந்த இனத்தில் நன்றாக முற்றிய ஒருவரைப் பார்க்க வேண்டுமானால் பெங்களூருக்கு வாருங்கள், லிங்கராஜபுரத்து உத்தமனைக் காட்டுகிறேன்.

உத்தமன் உயிரணு ஆராய்ச்சியாளர். உயிரணுவைச் சுற்றியிருக்கும் கொழுப்புச் சவ்வு வளைகிற இடத்தில், வெளிப்பக்கம் நெருக்கம் தளர்ந்து சின்னச் சின்ன இடைவெளி விழுமாம். கொழுப்பு வால் உள்ள சில புரதங்கள் அதில் வாலை நுழைத்துக்கொண்டு கூட்டமாகக் குடியேறிவிடுமாம். இதைக் கண்டவர் கண்டதோடு விட்டாரா? பால்காரரிடம் சொன்னார், பஸ் கண்டக்டரிடம் சொன்னார், காய்ச்சலில் படுத்திருந்த மாமனாரிடமும் சொன்னார். மாமனார் மறுநாளே எழுந்து ஊருக்குப் போய்விட்டார்.

பக்கத்து வீட்டு மார்ட்டினின் மகளுக்குக் கல்யாணம். சர்ச் ஹாலில் விருந்து. மட்டன் பிரியாணிக்காகக் காலையிலிருந்து வயிற்றைக் காயப்போட்டிருந்த மனைவி ராதா, யாரிடமும் பேச்சுக் கொடுக்காமல் இரண்டு தட்டு வாங்கி வந்தால் போதும் என்று வழியெல்லாம் சொல்லித்தான் அழைத்து வந்தாள். ஆனால் பிரியாணி வரிசை நேராக நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியுமா? நாற்காலிகளை இழுத்துப்போட்டு, வரிசையைத் தூணைச் சுற்றி வளைத்துவிட்டு, கடைசியில் போய் நின்றார். முன்னால் நின்றவரிடம் ஹாலுக்கே கேட்கும்படி விளக்கினார்.

"இப்போ பாருங்க, வளைவோட வெளிப்பக்கம் கேப் விழும். அங்கதான் வந்து ஒட்டுவாங்க."

விழுந்தது. ஒட்டினார்கள். "சொல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று கன்னடத்தில் கொஞ்சம் இடம் கேட்டு ஒருவர் நுழைய, அவர் மைத்துனர் நுழைய, மைத்துனரின் ஆபீஸே பின்னால் நுழைய, உத்தமன் பூரித்துப்போய் செல்போனில் படமெடுத்தார். அவர் அண்டாவை அடைந்தபோது கரண்டி அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தது. கிடைத்தது ஒரு பட்டையும் கொஞ்சம் வெங்காயப் பச்சடியும்.

ராதா முகத்தில் எப்படி விழிப்பது? பயந்துகொண்டே தேடிப்போனால், அவள் தூணோரம் நின்று எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். தட்டு நிறையப் பிரியாணி.

"உனக்கு எப்படிக் கெடச்சுது?"

"கேப் விழும்னு அவ்ளோ சத்தமா சொன்னீங்களே. நுழைஞ்சுட்டேன்."

உத்தமனுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான நாளாக அவர் ஆராய்ச்சியை அவள் காதில் வாங்கியது இதுதான் முதல் தடவை. ஒரு வாய் கேட்கக்கூட மறந்து, செல்போனில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்ட ஆரம்பித்தார்.

நன்றாகச் சிரியுங்கள். போன விருந்தில் நீங்கள் உங்கள் ஆபீஸ் வேலையை விளக்கியபோது ஒருவர் ஆர்வமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? அவர் உங்கள் தோளுக்கு மேலே எட்டி, பாயசம் இன்னும் மீதி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.