மந்திரியைப் பலி கொடுத்தது யார், நேரம் பார்த்தது யார்

செஸ் ஆடுகிறவர்கள் உண்டு, ஆடத் தெரியாதவர்கள் உண்டு. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. செஸ் ஆடும் கணினி நிரல்களை, அதாவது எஞ்சின்களை, ஓடவிட்டு வேடிக்கை பார்க்கிற இனம். இந்த இனத்து ஆள், ஜெயிப்பதற்காகப் பெரிய காயைப் பலி கொடுக்கும் அபாரமான நகர்த்தலை எந்த எஞ்சின் முதலில் கண்டுபிடிக்கிறது என்று மடிக்கணினியைத் திறந்து நேரம் பார்ப்பார், முந்தியதைப் பற்றிச் சொந்த மகன் பரீட்சையில் தேறியதுபோல ஊரெல்லாம் சொல்வார், பிந்தியதைக் கரித்துக்கொட்டுவார், தான் மட்டும் ஒரு சிப்பாயைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். கண்டுபிடித்தது யார்? எஞ்சின். மீசையை முறுக்குவது யார்?

எங்கள் லா கூலெத் துறைமுகக் காப்பிக் கடையில் அவர் பெயர் சீ மொங்கி. துனிசியாவில் பெயருக்கு முன்னால் 'சீ' போட்டால் மரியாதை. நீங்கள் அதைத் தமிழில் படித்தாலும் தப்பில்லை.

அவரிடம் இரண்டு எஞ்சின்கள். மூத்தவன், இளையவன் என்றுதான் சொல்வார்.

"இளையவனுக்குக் கை துறுதுறுங்கும், பலின்னா பாய்ஞ்சுடுவான். மூத்தவன் நிதானம்." பெண் வீட்டாரிடம் பேசுகிற தோரணை. கேட்கிறவர்களின் தேநீரில் மிதக்கும் பைன் கொட்டைகள் ஊறிப்போய்விடும்.

அன்று மத்தியானக் கப்பலில் ஷாத்லி பிரான்ஸிலுள்ள மார்செய்க்குக் கிளம்புகிறார். இனி மகளோடுதான், திரும்பி வர டிக்கெட் எடுக்கவில்லை. மொங்கியோடு ஆட அந்தக் கடையில் மிச்சமிருந்த ஒரே ஆள் அவர்தான். பெட்டியைக் காலடியில் வைத்துவிட்டு, எங்கள் ஊர் ஆண்களின் வழக்கப்படி காதில் மல்லிகைச் செண்டோடு, கடைசியாக ஒரு ஆட்டம் என்று உட்கார்ந்தார். பாதி ஆட்டத்தில் மந்திரியைத் தூக்கி மொங்கியின் சிப்பாய் வாயில் வைத்தார். எங்கள் பலகையில் ராணி கிடையாது, அவள் இடத்தில் மந்திரிதான். அதைவிடப் பெரிய பலி இல்லை.

"எடுடா பாப்போம்."

மொங்கி எடுத்தார். மடிக்கணினியை.

"இரு, இரு. இத இளையவன் எவ்வளவு நேரத்துல கண்டுபிடிக்கிறான்னு பாத்துருவோம்."

"நான்தான் கண்டுபிடிச்சாச்சேடா. அவன் எதுக்கு?"

"அது சரியான்னு தெரிய வேண்டாமா?"

"அதுக்குத்தானேடா நீ எதிர்ல உக்காந்திருக்க!"

காதில் விழுந்தால்தானே? பலிக்கு முந்தைய காய்களின் நிலையை எழுத்து எழுத்தாக அவசரமாகத் தட்டினார். இளையவன் அசையவில்லை. மூத்தவனும் அசையவில்லை.

"பாத்தியா! ரெண்டு பேருமே திணறுறானுங்க!"

கப்பல் ஊதியது.

"மொங்கி, நான் கெளம்பணும்."

"ஒரே நிமிஷம். மூத்தவன் பக்கத்துல வந்துட்டான்."

ஷாத்லி திரைமேல் குனிந்திருந்த அந்த வழுக்கைத் தலையைப் பார்த்தார். காதிலிருந்த செண்டை எடுத்து விசைப்பலகையின் மேல் வைத்தார். மொங்கி அதை ஒதுக்கிவிட்டுத் திரையைப் பார்த்தார். பெட்டிச் சக்கரங்களின் சத்தம் தெருமுனைவரை கடையில் எல்லோருக்கும் கேட்டது, ஒருவரைத் தவிர.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. நாங்கள் செஸ் காய்களைப் பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்தால் எழுதிப் பழகியவர்கள். எங்களுக்கு 'ஆர்' என்றால் ராஜா. ஆங்கில எழுத்தில் பழகிய எஞ்சினுக்கு 'ஆர்' என்றால் கோட்டை. ஆக, மொங்கி தட்டிய பலகையில் ராஜாவே இல்லை. ராஜா இல்லாத ஊரில் யாரை வளைத்துப் பிடிப்பது? எஞ்சின்கள் யோசிக்கவில்லை, உறைந்து கிடந்தன. இத்தனை வருஷமும் கவனமாக மாற்றித் தட்டிய விரல் அன்றைக்கு மட்டும் ஏன் தடுமாறியது? கேட்டால் வெயில் என்பார்.

திருத்தினார். கண்ணிமைப்பதற்குள் திரையில் மந்திரிப் பலி.

"ஷாத்லி! நீ ஆடினதேதான்டா!" என்று நிமிர்ந்தார். எதிரே காலி நாற்காலி.

கடை சிரிக்கத் தயாராக இருந்தது, சிரிக்கவில்லை. மொங்கி மடிக்கணினியை மூடினார். முதல்முறையாகத் தன் கண்ணாலேயே பலகையைப் பார்த்தார், வெகுநேரம். தோற்கப்போவது தெரிந்தும் அந்த மந்திரியைச் சிப்பாயால் எடுத்தார். பிறகு போன் போட்டார்.

"எடுத்துட்டேன்டா. உன் ஆட்டம்."

அந்தப் பக்கம் கடல் காற்றின் இரைச்சலுக்கு நடுவே ஷாத்லியின் குரல்.

"குதிரைய எறக்குறேன். செக். இதுக்காவது நீயே யோசிச்சு சொல்லுடா, கழுத."

நல்லது. மூத்தவனா இளையவனா, எவன் முதலில் கண்டுபிடித்தான் என்று நான் கடைசிவரை சொல்லவே இல்லை. அது உங்களை இவ்வளவு நேரமும் அரித்துக்கொண்டிருந்ததா? அப்படியானால் கொஞ்சம் நிமிர்ந்து, எதிர் நாற்காலியில் ஆள் இன்னும் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.