சம்பந்தி பேண்ட்டில் நாயுருவி

கருவடிக்குப்பம்,
புதுச்சேரி.

அன்புள்ள மச்சான் லூர்துபிரகாஷுக்கு, உன் மாமா கிறிஸ்துதாஸ் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்கா ஆனந்தமேரியும் மாதா புண்ணியத்தில் சுகம். ரெயூனியோன் தீவில் புயல் என்று கேள்விப்பட்டோம். நீயும் உன் வீட்டுக் கூரையும் சுகமா?

போன ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் லினெட்டைப் பெண் பார்க்க நெல்லித்தோப்பிலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள். தென்கடல் தீவில் ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பத்தொன்பது வருடம் சமைத்துப்போட்டவனுக்கு, வாசலில் யார் வந்தாலும் கப்பல் வந்த மாதிரிதான். அந்தத் தீவுக்குக் கப்பல் கிளம்பும் துறைமுகத்தில் இருப்பவன் நீ, உனக்குத் தெரியாததா? செருப்பின் அடியைத் துலக்கி, பையை உதறி, ஒரு விதைகூட ஒட்டவில்லை என்று காட்டினால்தான் அந்தக் கரையில் இறங்கவிடுவார்கள். நானும் பிரஷ்ஷும் வாளியுமாக நின்றேன். "செருப்ப வெளியதான உடப்போறோம், எதுக்குத் தேய்க்கிறீங்க?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். பதில் சொல்வதற்குள் சம்பந்தி சவரிராயலுவின் பேண்ட் மடிப்பில் நாயுருவி விதைகளைப் பார்த்துவிட்டேன், மச்சான். ஏழு. கை சும்மா இருக்குமா? குனிந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி, தீவில் செய்வது போலவே உறையில் போட்டு, அவர் பெயரையும் தேதியையும் எழுதினேன். "எங்கள இன்னா திருடன்னு நெனச்சிட்டீங்களா?" என்று அவர் திரும்பி நடந்தார். உன் அக்கா கேசரித் தட்டோடு அழுதாள். லினெட் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாப்பிள்ளை பெலிக்ஸ் மட்டும் நகரவில்லை. தன் சட்டைப்பையைத் தானே வெளியே இழுத்துக் காட்டி, "விதை வந்தா இன்னா ஆவும் மாமா?" என்றார். விதை வந்தால் புல் முளைப்பதோடு போகும், ஆனால் எப்போதோ கப்பலில் ஒளிந்து வந்த சுண்டெலிகள் கூட்டில் இருந்த அல்பட்ராஸ் கடற்பறவைக் குஞ்சுகளை உயிரோடு கொறித்தன என்றேன்.

"குஞ்சு ஏன் ஓடல?" கேட்டைப் பிடித்தபடி சம்பந்தி கேட்டார்.

"ஓடணும்னு அதுக்குத் தெரியாதுங்க. அங்க யாரும் அத பயமுறுத்துனதே இல்ல."

பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. சமையலறைக்குப் பின்னால் கூடு கட்டிய சோடியைப் பற்றி, இறக்கையை விரித்து நின்றதும் காற்றே அவற்றைத் தூக்கிக்கொண்டு போவதைப் பற்றி, நான் புறப்பட்ட அன்று மூடுபனியில் அவற்றைப் பார்க்காமலே கப்பலேறியதைப் பற்றியெல்லாம் சொன்னேன். சம்பந்தி திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "காப்பி இருந்தா குடுங்க" என்றார். லினெட்டே கொண்டுவந்து கொடுத்தாள். தை மாதம் நிச்சயதார்த்தம்.

ஆனால் இனி இந்த வீட்டில் தீவுப் பேச்சு கூடாது என்று உன் அக்கா சத்தியம் வாங்கிவிட்டாள். எனக்கும் அறுபத்தாறாகிறது, எல்லாவற்றையும் மறந்தாயிற்று. நீயும் அங்கே காதில் விழும் எதையும் எழுத வேண்டாம். உன் பிள்ளைகள் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
கிறிஸ்துதாஸ்

பி.கு.: இந்த வருடம் எத்தனை குஞ்சு தேறிப் பறந்தன என்று கப்பல்காரர்களிடம் கேட்டு எழுது. போனில் வேண்டாம், உன் அக்கா பார்க்கிறாள். கேட்பது மாப்பிள்ளைதான்.