அணி வாத்தியாரும் ஒரு விளியும்

ராயபுரம் கடற்கரையில் மேடை போட்டு ஆயிரம் பேரை ஒரே மூச்சில் அழவைக்க ஒரு மனிதரால் முடிந்தது என்றால், அது எங்கள் அணி வாத்தியாரால்தான். ஒரே ஒரு ஆளிடம் ஒரே ஒரு வாக்கியம் பேசத் தெரியாத மனிதரும் அவர்தான்.

பகலில் துறைமுகக் கிடங்கில் குமாஸ்தா. சாயங்காலம் தொழிற்சங்க மேடை. நடுவில் கிடைக்கிற நேரமெல்லாம் அணியிலக்கணம். யார் என்ன பேசினாலும் அதில் என்ன அணி என்று சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பேர் வந்தது அப்படித்தான். ஒருநாள் தெருக்குழாயடியில் இரண்டு பெண்களுக்குள் குடுமிப்பிடிச் சண்டை. உன் வாய் கால்வாய் என்றாள் ஒருத்தி. வாத்தியார் நின்று, "உருவகம். நன்று" என்று தலையாட்டினார். சண்டை அந்த நிமிஷமே தீர்ந்தது. இருவரும் சேர்ந்து குடத்தை அவர் தலையில் கவிழ்த்தார்கள்.

கவிழ்த்தவர்களில் ஒருத்தி கன்னியம்மா. ரயில்வே கேட்டருகே மீன் வறுத்து விற்பவள். மறுநாள் சமாதானமாகப் போனவருக்குப் பொடி மீனாகக் கொடுத்தாள். ஏன் என்றதற்கு, "கடலு நம்ம மேல கோச்சிகினு கீது, பெர்சா குடுக்கல" என்றாள். வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. கடல் தன்பாட்டுக்குக் கிடக்க, புலவன் அதற்கொரு மனசைக் கொடுப்பது தற்குறிப்பேற்றம். ஏட்டில் தேடியலைந்ததை எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் கண்டுவிட்டார். அன்றிலிருந்து தினமும் மீன். அவளும் அவருக்கென்று ஒரு நல்ல துண்டை ஒதுக்கி வைக்கத் தொடங்கினாள்.

கட்டிக்கொள்கிறாயா என்று போய்க் கேளுங்கள் என்று உசுப்பிவிட்டது நாங்கள், கிடங்கு ஆட்கள். மூன்று நாள் ஒத்திகை. வெளுத்த வேட்டி. துணைக்கென்று நாங்கள் நாலு பேரும் பின்னால் போய் நின்றோம். கன்னியம்மா சட்டியை இறக்கி, முந்தானையில் கை துடைத்து, நிமிர்ந்து பார்த்தாள். எதிரே ஒரு முகம், பின்னால் ஒரு கூட்டம். மேடைப் பழக்கம் யாரை விட்டது? தொண்டையைக் கனைத்து, "அன்புச் சகோதரி அவர்களே" என்று ஆரம்பித்துவிட்டார்.

அதன்பின் பேசியது அவ்வளவு அழகு. அவள் முழுசும் கேட்டாள்.

"எல்லாம் சரி. மொதல்ல இன்னா சொன்ன?"

"அது வெறும் விளி, கன்னியம்மா. கூப்பிடுகிற சொல். அதுக்குப் பொருள் கிடையாது."

"உனுக்கு இல்ல. எனுக்குக் கீது, அண்ணே. நாலு பேரு கேட்டுகினு நிக்கிறாங்க."

சொல்லிவிட்டு வெகுநேரம் அவள் சட்டியை அடுப்பில் ஏற்றவில்லை. அந்த நாலு பேர் நாங்கள்தான்.

அடுத்த தையில் எண்ணூர் மாப்பிள்ளை. அவளுக்குக் கூடப் பிறந்தவன் இல்லை. அண்ணன் முறைக்கு வாத்தியார்தான் நின்றார். பிறகு அவள் குழந்தைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியும் அவருடையது. குழந்தை வீரிட்டது. நாலு வார்த்தை ஆசி சொல்லச் சொன்னார்கள். அவர் அந்தச் சின்னக் காதை ஊதிக்கொண்டே இருந்தார்.

என் மனைவிக்கு அண்ணன்மார் மூன்று பேர். இருந்தும் என் மகளுக்குக் காது குத்தியபோது, அவர்கள் மூவரிடமும் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, வாத்தியார் மடியில்தான் அவளை உட்கார வைத்தேன்.