ஊமை ரேடியோவுக்கு மூன்று நகல்

உள்ளறையில் ‘களக், களக்’ என்று ஏதோ ஆடிக்கொண்டிருந்தது. தொட்டில் என்று நினைத்து உருகிவிடாதீர்கள். தேனப்பன் தம் மனைவி சாலாவின் பீங்கான் ஊறுகாய்த் தட்டில் திராவகத்தை ஊற்றி, அதில் ஒரு செம்புத் தகட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

நகல் எடுப்பவர் என்று ஓர் இனம் உண்டு. அறுபத்தாறாம் வருஷத் திருமயத்தில் அது டிரான்சிஸ்டர் ரேடியோவைத் தின்று வளர்ந்தது. தேனப்பன் பழுது பார்த்துத் தருவதாக வாங்குவார், திறப்பார், உள்ளே செம்புக் கோடுகள் ஓடும் அட்டையைக் கண்டதும் காதல் கொள்வார், கார்பன் தாளில் ஒற்றியெடுப்பார், செம்பு பூசிய தகட்டில், சாலா ஒருமுறைகூடப் பூசிப் பார்க்காத நகச்சாயத்தால் அதே கோடுகளை வரைவார், சாயம் படாத செம்பையெல்லாம் திராவகம் தின்றுவிட, அச்சு அசலாக இன்னொரு அட்டை பிறக்கும். பழுது? அதை எவனும் பார்ப்பானே!

அன்று கூடத்தில் மீனாள் ஆச்சி காத்திருந்தார். கீழே விழுந்து ஊமையான ரேடியோவை அவர் கொடுத்து மூன்று வாரம். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய் நாலு வருஷமாக முகம் காட்டாத மகன், இன்று நாலு மணிக்கு ரேடியோவில் அம்மா பெயர் சொல்லிப் பாட்டு போடுவார்கள் என்று எழுதியிருந்தான். மணி மூன்றரை. ஒரு தாய்க்கு இதைவிட நீளமான அரைமணி உண்டா?

“ரேடியோ பேசுதா தம்பி?”

தேனப்பன் ஈரக்கையோடு ஓடிவந்து, நாலு அட்டைகளை வரிசையாகப் பரப்பினார். “மூணு பண்ணிட்டேன் ஆச்சி! நாலாவது குளிக்குது. எது ஒங்களுது, எது என்னுதுன்னு சொல்லுங்க பாப்போம்!”

“பேசுதான்னு கேட்டேன்.”

“ஒங்களுது பேசல. இதுகளும் பேசல. அம்புட்டுப் பொருத்தம்!”

ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். “நாலுலயும் இந்தக் கோடு இங்கிட்டு அறுந்து கெடக்கே?”

தேனப்பன் முகம் மலர்ந்தது. “கண்டுபிடிச்சிட்டீங்களே! அந்த மயிரிழை வெட்டைக்கூட நான் விடல. ரெண்டு நாள் ஊசியால கீறினேன்.”

“கோடு அறுந்துருந்தா கரண்டு எப்படிங்க போகும்?” என்றாள் சாலா, கதவோரம் நின்று.

தேனப்பன் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலை எடுத்தார். ஆச்சியின் அட்டையில், அறுந்த இடத்தில், ஒரு சொட்டு ஈயம். அட்டையை உள்ளே பொருத்தித் திருகியதும் ரேடியோ கரகரவென்றது. பிறகு கொழும்பிலிருந்து ஒரு பெண் நேரம் சொன்னாள்: மூன்று ஐம்பது. ஆச்சி ரேடியோவை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார்.

சிரிக்கிறீர்களா? உங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை எதிர்வீட்டுப் பத்திரிகையைப் பார்த்துத்தானே அச்சடித்தீர்கள்? அவர்கள் பெரியப்பாவும் அதில் உங்களை வரவேற்கிறாரா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தேனப்பன் கார்பன் தாளோடு வாசலுக்குப் பாய்ந்தார். “ஆச்சி, ஒரே நிமிஷம்! அந்த ஈயப் பொட்டு இல்லாம என்னுது எப்படி அசல் மாதிரி ஆகும்? ஒத்தி எடுத்துக்கிடுறேன்!”

“நாளைக்கு வாரேன் தம்பி.” ஆச்சி திரும்பிப் பார்க்காமல் தெருவில் நடந்தார்.

பின்னாலேயே ஓட இருந்தவரின் வேட்டியைப் பிடித்து உள்ளே இழுத்து, சாலா கதவைச் சாத்தினாள்.