வில்லிக்கே வாசித்துக் காட்டிய கதை

கதாபாத்திரத்துக்கு உயிர் கொடுப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. அந்த உயிர் நம் கீழ்வீட்டில் குடியிருந்தால்தான் கஷ்டம்.

பொம்மனஹள்ளியில் எங்கள் ஹவுஸ் ஓனர் மஞ்சுளா ஆன்ட்டி. பெங்களூரிலேயே பிறந்து, கன்னடத்தில் படித்த தமிழர். தமிழ் சரளமாகப் பேசுவார். ஓர் எழுத்துகூடப் படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் என் முதல் சிறுகதையில் அவரையே வில்லியாக இறக்கினேன். எங்களுக்கு விருந்தாளி வந்தால் தண்ணீர் வால்வை மூடுவது, காலிங்பெல் அடித்தால் எங்களுக்கு முன்பே எட்டிப்பார்ப்பது, எல்லாம் அப்படியே. (கோணல் சிரிப்பு மட்டும் என் கற்பனை.)

கதை பத்திரிகையில் வந்தது. என் மனைவி சுதா அதைப் படிக்கும் முன்பே, பெருமை தாங்காமல் ஆன்ட்டியிடம் சொல்லிவிட்டாள்.

"ஏனப்பா, கதையெல்லாம் எழுதுறியா? வா, சொல்ப, கொஞ்சம் படிச்சுக் காட்டு."

அந்த வாரம்தான் வாடகை அக்ரிமென்டைப் புதுப்பிக்க வேண்டும். சுதாவுக்கோ நிறைமாதம். வேறு வீடு தேடி அலையும் நிலைமையில் நாங்கள் இல்லை.

வாசித்தேன். அச்சில் வால்வை மூடியவள், என் வாயில் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து மாடியேறினாள். கோணல் சிரிப்பு புன்னகையானது. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

ஆன்ட்டி கொட்டாவி விட்டார். "இப்படி ஒரு பொம்பளை எங்கயும் இல்லப்பா. பொம்மை மாதிரி இருக்கா."

அப்போதுதான் கவனித்தேன், என் தோளுக்குப் பின்னால் அவர் மருமகள் ரேவதி. ஊர் வேலூர். தமிழ் மீடியம்.

"அண்ணா, நெறைய வுட்டுட்டீங்க. குடுங்க, நான் படிக்கிறேன்."

பிடுங்கிக்கொண்டாள். ஒரு வரி விடவில்லை. மாமியாரைப் பற்றித் தன்னால் சொல்ல முடியாததையெல்லாம் அச்சில் பார்த்த ஆனந்தம் அவள் குரலில் வழிந்தது. நான் டைல்ஸைப் பார்த்தபடி மனசுக்குள் பாத்திரம் பண்டங்களை மூட்டை கட்டினேன். பயமென்றால் அப்படியொரு பயம்.

படித்து முடித்தாள். ஆன்ட்டி எழுந்து என்னருகே வந்தார்.

"ஏய், இது எதிர்வீட்டு சரோஜாதானே? அப்படியே அவளேதான்! எப்படிப்பா கண்டுபிடிச்ச?"

ரேவதி சமையலறைக்குள் ஓடிவிட்டாள். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது.

"ஆமா ஆன்ட்டி, அவங்கதான்" என்றேன். மறுநாளே அக்ரிமென்ட் கையெழுத்தானது.

அதன்பிறகுதான், நடந்ததையெல்லாம் என்னிடம் கேட்டுச் சிரித்துவிட்டு, சுதா கதையை நிதானமாகப் படித்தாள். அதில் வில்லியின் கொடுமையைப் பொறுத்துப்போகும் குடித்தனக்காரன் ஒருவன் உண்டு. தினமும் மனைவிக்குக் காபி போட்டுக் கொடுப்பான். கோபமே வராது. பொய் சொல்லத் தெரியாது.

"இது யாருங்க?" என்றாள் சுதா. "எதிர்வீட்டுக்காரரா?"

இப்போது மகள் பள்ளிக்குப் போகிறாள். நான் என்னைப் பற்றிப் பெருமையாக ஏதாவது ஆரம்பித்தால் போதும், தாயும் மகளும் ஒரே குரலில் சொல்கிறார்கள்: "அது எதிர்வீட்டுக்காரரு."