முன்னுக்கு நிற்க ஓர் ஆள்

“அப்பா, நீங்க ஏன் எனக்குப் பின்னால நிக்கிறீங்க?”

சுலக்ஷனாவின் குரல் காதில் கேட்டபோது தங்கவேலு உண்மையிலேயே அவளுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். கணினித் திரையில். இரும்புச் சட்டை, ஆளுயரக் கேடயம், எருமைக் கழுத்து எல்லாம் இருந்தும், மெலிந்த மந்திரக்காரியான மகளின் முதுகுக்குப் பின்னால். முன்னால் டிராகன் வாயைத் திறந்துகொண்டிருந்தது.

“பின்னால நின்னாத்தானே எல்லாரையும் பார்க்கலாம்?”

“நீங்க பார்க்க வேணாம்ப்பா, தடுக்க...”

அவள் முடிப்பதற்குள் நெருப்பு வந்தது. முதலில் சுலக்ஷனா எரிந்தாள். பிறகு வைத்தியக்காரியாக விளையாடிய டிலானி. வில்லாளி மதுரன் கொஞ்சத் தூரம் ஓடி எரிந்தான். ஒளிந்துகொள்ள எவருடைய முதுகும் மிச்சமில்லாமல் போனதும் தங்கவேலுவும் எரிந்தார்.

“அங்கிள், நீங்கதான் ஃபைட்டர். உங்களுக்குப் பின்னால நாங்க ஒளியணும். நீங்க எங்களுக்குப் பின்னால ஒளியக் கூடாது,” என்றான் மதுரன்.

“பழக்க தோஷம், தம்பி.”

அது பொய்யில்லை. பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் கண்டாக்கு. கொழுந்து எடுக்கும் பெண்களுக்குப் பின்னால் நின்று மேற்பார்வை பார்ப்பதே அவருடைய உத்தியோகம். அவர் வருவது தெரிந்தால் நிரையில் பேச்சு நின்றுவிடும். கடந்து போனதும் மறுபடி தொடங்கும், சிரிப்போடு. அந்தச் சிரிப்பு எதற்கு என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

மனைவி நாகலெட்சுமி இறந்துபோன பிறகு வீட்டிலும் பேச்சு நின்றுபோனது. ஒரே மகள் சுலக்ஷனா மெல்பேர்னில் வேலை பார்த்தாள். தொலைபேசியில் இருவரும் பேசுவது இப்படி:

“சாப்பிட்டியா?”

“ம். நீங்க?”

“ம். அங்க மழையா?”

“இல்லப்பா. அங்க?”

“மழைதான்.”

அதற்குப் பிறகு ஒருவர் மூச்சை மற்றவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். யாராவது ஒருவருக்கு அடுப்பில் ஏதோ இருப்பது ஞாபகம் வரும். நாகலெட்சுமி இருந்த காலத்தில் இரண்டு பேருடைய பேச்சையும் அவளே பேசிவிடுவாள். அவர்களுக்குப் பழக வாய்ப்பில்லாமல் போய்விட்டது.

இந்த நிலையில்தான் ஒருநாள் சுலக்ஷனா கேட்டாள். “அப்பா, எங்க கேமுல ஃபைட்டர் இல்ல. மதுரன், டிலானி எல்லாம் ஹட்டன்ல என்கூடப் படிச்சவங்கதான். நீங்க வர்றீங்களா?”

“எனக்கு என்னா தெரியும்?”

“ஒண்ணும் தெரிய வேணாம். சும்மா முன்னுக்கு நின்னா போதும்.”

அன்றிலிருந்து ஞாயிறு பிற்பகல்கள், மகள் விட்டுப்போன பழைய மடிக்கணினியின் முன்னால் கழிந்தன. “வலது பக்கம்ப்பா!” “மருந்து குடிச்சீங்களா?” “குடிச்சிட்டேன்மா.” “இன்னொண்ணு குடிங்க.” பேச்சு என்று பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பிய வருடங்களில்கூட அவர்கள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை.

கடைசிக் குகைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் வினை. அங்கிருந்த டிராகனிடம் வாராவாரம் செத்தார்கள். அன்றும் எல்லோரும் எரிந்து முடிந்ததும், மதுரன் பெருமூச்சு விட்டான்.

“இன்னும் எத்தன வாரம்டி இதுகிட்டயே சாகுறது?”

“சும்மா இரு, மது,” என்றாள் சுலக்ஷனா, தாழ்ந்த குரலில்.

தாழ்ந்த குரல்களைக் கேட்பதில் தங்கவேலுவுக்கு நல்ல பயிற்சி இருந்தது. மடிக்கணினியை மூடிய பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஒரு வேலைக்குச் சரிவராத ஆளைத் தோட்டத்தில் என்ன செய்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். வேறு ஆளைப் போடுவார்கள். வேறு ஃபைட்டர் வந்துவிட்டால் அவருக்கும் மகளுக்கும் மிஞ்சப்போவது மழை ஒன்றுதான்.

மறுநாளே விளையாட்டுக்குள் இருந்த கடைக்குப் போய், அங்கு கிடைத்ததிலேயே கனமான கவசத்தை வாங்கிப் போட்டுக்கொண்டார். அது தீயைத் தாங்கும். ஆனால் நடக்க விடாது. ஞாயிற்றுக்கிழமை அவர் குகை வாசலுக்கு வந்து சேர்ந்தபோது உள்ளே மூன்று சாம்பல் குவியல்கள் இருந்தன.

“எங்க போனீங்க அங்கிள்?” என்றாள் டிலானி.

“வந்துக்கிட்டே இருந்தேன்மா.”

அடுத்த வாரம் கவசத்தையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார். இந்த முறை மற்றவர்கள் குகைக்குள் நுழைவதற்கு முன்பே செத்துவிட்டார்.

“அங்கிள், டிராகன்கிட்டப் பனியனோடயா போனீங்க?” டிலானி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

“பரவாயில்லப்பா,” என்றாள் சுலக்ஷனா. “அடுத்த ஞாயிறு பார்ப்போம்.”

அந்தக் கனிவுதான் அவரைச் சுட்டது. வேலையை விட்டு நிறுத்தப்போகும் ஆட்களிடம் அவரும் அப்படித்தான் பேசுவார்.

வெட்கத்தை விட்டு, தோட்டத்து ஒஃபீசில் கணினி பார்க்கும் சுதாகரனிடம் போனார். அவன் வாசல் கதவைச் சாத்திவிட்டு, மிகவும் அக்கறையாகக் கேட்டான்.

“டிராகனை நீங்க அடிக்கப் பார்க்கிறீங்களா சேர்?”

“பின்ன?”

“அங்கதான் பிழை. ஃபைட்டருக்கு அடிக்கிறது ரெண்டாவது வேலை. முதல் வேலை அடி வாங்குறது. அதை வம்புக்கு இழுக்க ஒரு பட்டன் இருக்கும். அதை அமத்தினா டிராகன் உங்களை மட்டும்தான் பார்க்கும். சுவர்ல முதுகை வச்சு நில்லுங்க. அது மூஞ்சிய உங்க பக்கம் திருப்பி வச்சுக்கங்க. மத்தவங்க அதுக்குப் பின்னால நின்னு அடிப்பாங்க. நெருப்புக்கு முன்ன அது தலையைத் தூக்கும். அப்ப மட்டும் கேடயம். சும்மா சும்மா கேடயத்தைத் தூக்கினா கை சோர்ந்திடும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். ஆனா எவ்வளவு வலிச்சாலும் நகரக் கூடாது.”

அது தன்னால் முடியும் என்று தங்கவேலுவுக்குத் தோன்றியது.

வேலை முடிந்து வந்து மாலைகளில் தனியாகப் பயிற்சி செய்தார். பொத்தானை அழுத்துவது மட்டும் போதும் என்று அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கூடவே வாயாலும் கூப்பிட்டார்.

“வா இங்க! அவங்களை ஏன் பார்க்கிற? என்னைப் பாரு! வா, வந்து கொத்து!”

கொழுந்து எடுத்து முடிந்து சமையலுக்கு வரும் அம்மாக்கண்ணு கதவருகில் நின்றாள்.

“உள்ள யாருங்கையா?”

“யாருமில்ல.”

“யாருமில்லாமலா கூப்பிடுறீங்க?”

“அது... பாம்பு மாதிரி ஒண்ணு. ரெக்கை இருக்கும்.”

“அதைப் போயி வான்னு கூப்பிடுறீங்களா!”

அவள் சோற்றை வடிக்காமலே போய்விட்டாள். அடுத்த நாள் காலை, வேலைக்கு ஆட்கள் கூடும் பெரட்டில் பெயர் கூப்பிட அவர் வந்து நின்றதும், கூட்டம் முழுவதும் இரண்டடி பின்வாங்கியது. அம்மாக்கண்ணு மட்டும் துணிந்து முன்னால் வந்து ஒரு பொட்டலம் திருநீற்றை நீட்டினாள். “அம்மா போனதிலருந்து தனியாவே இருக்கீங்க. அதான் இப்படியெல்லாம் வருது,” என்றாள். அவர் மறுப்புச் சொல்லாமல் பூசிக்கொண்டார். அவரிடம் வேலை தவிர்த்து வேறு ஒன்றைப் பற்றி யாரும் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது.

அடுத்த ஞாயிறு அவர் நின்ற நிற்பு மதுரனையே வாயடைக்க வைத்தது. முதுகுக்குச் சுவர். டிராகன் அவரைத் தவிர வேறு யாரையும் பார்க்கவில்லை. ஆனால் என்ன மாயமோ, திடீரென்று டிலானியிடம் மருந்து தீர்ந்துபோனது. சுலக்ஷனா ஒரு பள்ளத்தில் கால் தவறி விழுந்தாள். மதுரன் “நெட் போயிட்டு” என்று சொல்லிவிட்டு மறைந்தான். தனியாகக் கொஞ்ச நேரம் நின்று தங்கவேலு செத்தார்.

“நீங்க சரியாத்தானே நின்னிருக்கீங்க சேர்?” சுதாகரனுக்கும் விளங்கவில்லை. “அவங்க எப்படிச் செத்தாங்க?”

“என்னாலதான் இருக்கும். நான் இழுத்த இடத்துல பள்ளம் இருந்திருக்கு.”

அப்படியானால் மற்றவர்கள் விழுந்தாலும் விழாமல் நிற்கப் பழக வேண்டும். அந்த வாரம் முழுவதும் பழகினார். டிராகன் தலையைத் தூக்குவதற்கு முன் வாலை ஒருமுறை இழுத்துக்கொள்ளும் என்பதைக் கண்டுபிடித்தார். நெருப்பைக் கக்கிய பிறகு மூச்சு வாங்கும், அந்த இடைவெளியில் இரண்டு வெட்டு, மூன்றாவதற்கு ஆசைப்படக் கூடாது என்பதையும். இது செத்தால் அப்பால் வேறொரு குகை, வேறொரு டிராகன் என்று அவர் பாட்டுக்கு எண்ணிக்கொண்டார்; இதுதான் கடைசி என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. தோட்டத்தில் ஒரு மலையில் கொழுந்து எடுத்து முடிந்தால் மறுநாள் அடுத்த மலை. முடிவு என்று ஒன்று உண்டு என்பது அவருடைய தொழிலில் இல்லாத விஷயம்.

ஞாயிறு. வெளியே தூறல். ஜன்னலுக்கு அப்பால் மலை தெரியவில்லை.

சண்டை தொடங்கியதுமே டிலானி விழுந்தாள். மதுரன் தானாகவே நெருப்புக்குள் நடந்து போனது போலிருந்தது. சுலக்ஷனா அதே பள்ளத்தில் விழுந்தாள்.

“அப்பா, நாங்க போயிட்டோம். நீங்களும் விட்டுருங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.”

“இரும்மா.”

வால் இழுபட்டது. கேடயம். நெருப்பு. இரண்டு வெட்டு.

“அங்கிள், போதும் அங்கிள்! கை வலிக்கும்!” என்று டிலானி கத்தினாள்.

“வலிக்கல.”

வலித்தது. விரல்கள் விறைத்திருந்தன. தன் மேல் இரக்கப்பட்டுத்தான் நிறுத்தச் சொல்கிறார்கள் என்று நினைத்தார். நகரவில்லை. கேடயம். நெருப்பு. இரண்டு வெட்டு.

“அப்பா, சொல்றேன்ல, விடுங்க! ப்ளீஸ்ப்பா!”

“உனக்கு நல்ல ஃபைட்டர் வேணும்ல, அதான்!”

அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. இன்னும் இரண்டு வெட்டு. டிராகன் கழுத்தை உயர்த்தியது, ஆடியது, குகையே குலுங்கும்படி சாய்ந்தது.

திரை வெளுத்தது. எங்கிருந்தோ இசை வந்தது. விளையாட்டைச் செய்தவர்களின் பெயர்கள் கீழிருந்து மேலாக ஊர்ந்து போகத் தொடங்கின. தங்கவேலு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெயர்கள் போய் முடியட்டும், அடுத்த குகை வரட்டும் என்று காத்திருந்தார்.

“சுலா? பார்த்தியாம்மா? தனியா அடிச்சிட்டேன்!”

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் அறுந்துபோனது. ஒலியை நிறுத்திவிட்டாள் போலும்.

“தம்பி, மதுரன்... என்னாச்சு? நான் ஏதும் பிழையா செஞ்சிட்டேனா?”

மதுரன் தொண்டையைச் செருமினான்.

“பிழை ஒண்ணுமில்ல அங்கிள்... கேம் முடிஞ்சிட்டா ஞாயித்துக்கிழமையில உங்ககூட என்ன பேசுறதுன்னு தெரியாமத்தான், அவ எங்களை வாராவாரம் வேணும்னே சாக வச்சிட்டிருந்தா.”